சாலமன் பார்க்காத படம்

காரைக்குடியில் ஒரு படம் எப்போது ஓடிடியில் வரும் என்று தெரிய வேண்டுமானால் ஜனங்கள் சாலமனிடம்தான் கேட்டார்கள். அவர் தியேட்டர் மேனேஜர். அவரிடம் போய் இதைக் கேட்கலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பை மாட்டும்போது யாராவது கேட்பார்கள். முடி வெட்டுகிறவர் கழுத்தில் துணியைச் சுற்றிவிட்டு நிதானமாகக் கேட்பார்.

"சார், போன வாரம் உங்க தியேட்டர்ல போட்டீகளே, அது எப்ப போன்ல வரும்?"

குத்திக்காட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை. சினிமா சம்பந்தப்பட்டதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்ற மரியாதைதான். "நாலு வாரத்துல வந்துரும்" என்று சாலமனும் சொல்லிவிடுவார். சொன்ன பிறகு அன்று சாயங்காலம் வரை யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

உண்ணாமலை தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிறவராகச் சேர்ந்து மேனேஜர் ஆனவர் அவர். தியேட்டரின் சொந்தக்காரர் கண்ணம்மை ஆச்சி. ஆச்சியின் மாமனார் தன் தாயார் பெயரில் கட்டிய கட்டடம் அது. கொரோனாவில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்துவிட்டுத் திறந்தபோது, ஊர் அதற்குள் வேறு பழக்கத்துக்குப் போயிருந்தது. பெரிய நடிகர் படம் என்றால் முதல் மூன்று நாள் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. நாலாம் நாள் பால்கனியில் புறாக்கள் தைரியமாக நடமாடும். மற்ற படங்களுக்கு முதல் நாளே அப்படித்தான்.

வீட்டில் சாலமன் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகன் ஆன்றோ ஒரு கிறிஸ்துமஸுக்குப் பெரிய டிவி வாங்கிக்கொண்டு வந்து சுவரில் மாட்டினான். அதில் ஓடிடியையும் சேர்த்துவிடுகிறேன் என்றபோது சாலமன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டிவி இருக்கட்டும். அம்மா சீரியல் பாக்கட்டும். அது மட்டும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"அப்பா, ஊரே பாக்குது."

"ஊர் பாக்கட்டும். நான் தியேட்டர் சோத்தைத் திங்கிறவன். அதுல நானே கல்லைப் போடுவேனா?"

அவர் மனைவி யூஜினியா அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழ் டீச்சர். உயரமானவர், மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரல். அவர் இந்தச் சட்டத்தை ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. பரீட்சைப் பேப்பர் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, இருவரும் பேசி முடிக்கட்டும் என்று இருந்தார்.

கோட்டையூர்ப் பக்கம் பெரிய வீடுகளில் சினிமா எடுக்க வருவது வாடிக்கைதான். அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு கம்பெனி வந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. படத்தின் பெயர் 'வளவு வீட்டுச் சாவி'. முற்றம் வைத்த வளவு வீட்டில், சொத்து பிரியாத ஒரு குடும்பத்தில் பெட்டகச் சாவி யாரிடம் இருப்பது என்று அண்ணன் தம்பிகளுக்குள் நடக்கிற வழக்குதான் கதை. ஒருநாள் மழை விடாமல் பிடித்துக்கொள்ளவே, படப்பிடிப்பை நிறுத்திவிட்டு அவர்கள் மொத்தமாக வேனில் ஏறி உண்ணாமலை தியேட்டருக்கு மேட்னி பார்க்க வந்துவிட்டார்கள். அன்றைக்குத் தியேட்டரில் வேறு ஆள் அதிகமில்லை. சாலமனுக்கு ஒரே சந்தோஷம். இண்டர்வலில் தானே நின்று எல்லாருக்கும் பப்ஸும் டீயும் கொடுக்கச் சொன்னார்.

படத்தின் டைரக்டர் சென்னையிலிருந்து வந்த ஓர் இளம்பெண். டீயை ஊதிக்கொண்டே சாலமனிடம் பேச்சுக் கொடுத்தார்.

"சார், மூத்த மருமக கேரக்டருக்கு ஒருத்தங்க வேணும். அம்பது வயசு இருக்கலாம். நடிகை வேணாம், இந்த ஊர்ப் பேச்சு வரணும். கேமராவைப் பாத்து பயப்படக் கூடாது. யாராவது இருக்காங்களா?"

"பயப்படாத பொம்பளைன்னா எங்க வீட்டம்மாதான்" என்று சாலமன் வேடிக்கையாகச் சொன்னார்.

மறுநாள் காலையில், செக்காலைப் பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டு வாசலில் சினிமா கம்பெனி கார் வந்து நின்றது.

யூஜினியா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வசனத்தை வாங்கிப் படித்தார். இரண்டு இடத்தில் இந்த ஊரில் இப்படிப் பேசமாட்டார்கள் என்று திருத்திக் கொடுத்தார். ஹெட்மிஸ்ட்ரஸிடம் அனுமதி கேட்டார். பிறகு அரையாண்டு லீவில் போய் நடித்துவிட்டு வந்தார். என்ன நடித்தாய் என்று சாலமன் கேட்டதற்கு, "பித்தளை அண்டாவை இறக்கி வைக்கணும், புருஷனா நடிக்கிறவரைப் பாக்கணும், ஒரு வார்த்தை சொல்லணும். அதையே பொழுது விடிஞ்சதுலேருந்து அடையுற வரைக்கும் செய்யச் சொன்னாக" என்றார். கை வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

பேசியதெல்லாம் சாலமன்தான். படம் வெளியாகும் நாளில் என்னென்ன செய்வது என்று அவர் மனதுக்குள் ஒரு கல்யாணமே நடத்திக்கொண்டிருந்தார். பால்கனி முழுக்க யூஜினியாவின் பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கு. பங்குச் சாமியாருக்கு நடு வரிசை. வாசலில் கதாநாயகன் பேனருக்கு இடதுபக்கம், அதே உயரத்தில் யூஜினியாவுக்கு ஒரு ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸ் கடையில் மாதிரிகூடப் போட்டு வாங்கிவிட்டார். பழைய போட்டோவில் யூஜினியா கழுத்தை நிமிர்த்தி, பள்ளிக்கூட ஆய்வாளரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சாலமன் அதை யாரிடமும் காட்டாமல் இருக்க முயன்று, கடைசியில் எல்லாரிடமும் காட்டினார்.

கோடை முடிகிற சமயத்தில், வேறொரு படத்துக்காக மதுரை விநியோகஸ்தர் ஆபீசுக்குப் போன் போட்டவர், பேச்சோடு பேச்சாக 'வளவு வீட்டுச் சாவி' எப்போது வருகிறது என்று கேட்டார்.

"அது தியேட்டருக்கு வரலைண்ணே. நேரா ஓடிடிக்கு வித்துட்டாக. உங்களுக்குத் தெரியாதா?"

சாலமன் போனை வைத்தார். ஆபரேட்டர் பாண்டிமுருகன் வந்து ஷோ ஆரம்பிக்கலாமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னபோது யூஜினியா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"படம் வருதுல்ல?" என்றார்.

"வருது. ஆனா அதுல."

"எதுல வந்தா என்ன? நான் பயந்தே போனேன், படத்தையே நிறுத்திட்டாகளோன்னு." மறுபடியும் அவரைக்காயை எடுத்துக்கொண்டார்.

அவர் ஆறுதலுக்காக அப்படிச் சொல்லவில்லை. உண்மையிலேயே நிம்மதிப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் சாலமனுக்குத் தாங்கவில்லை. தன் பிழைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும் ஒன்று, இப்போது தன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தார். அவளும் சிரித்துக்கொண்டே போகிறாள்.

படம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. யூஜினியாவோடு வேலை பார்க்கும் சயன்ஸ் டீச்சர் ஜாஹிதா, தன் வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்தார். ஜாஹிதாவின் கணவர் காஜா மைதீன் மலேசியாவில் இருந்துவிட்டு வந்தவர். அவர்கள் வீட்டு டிவி ஒரு கதவளவு இருக்கும். காஜா மைதீனே சாலமனுக்குப் போன் செய்து கூப்பிட்டார்.

"சாயங்காலம் வந்துருங்க. நீங்க இல்லாம எப்படி?"

"வெள்ளிக்கிழமை பாய். புதுப்படம் போடுறோம். மேனேஜர் இல்லாம நடக்காது."

அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. யூஜினியா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்று ஒருமுறை கேட்டார்: "ஒரு மணி நேரம் வந்து தலையைக் காட்டிட்டுப் போகக் கூடாதா?"

"வேலை இருக்கு யூஜி."

யூஜினியா ஆட்டோவில் ஏறிப் போனார்.

அன்றைக்கு உண்ணாமலை தியேட்டரில் போட்ட புதுப்படத்தின் நடிகரை யாருக்கும் தெரியாது. சாயங்கால ஷோவில் அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்திருந்தார்கள். ஜோடி ஒன்று கடைசி வரிசைக்குப் போனது. சாலமன் உள்ளே நின்று இருட்டில் தலைகளைப் பார்த்தார். ஜாஹிதா வீட்டு ஹாலில் இதைவிடக் கூட்டம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. இருந்தது.

யூஜினியா திரும்பி வந்தபோது கையில் சமோசாப் பொட்டலம் இருந்தது. சாலமனுக்காக ஜாஹிதா கொடுத்தனுப்பியது. "எல்லாரும் கை தட்டுனாக" என்று மட்டும் சொன்னார். சாலமன் சமோசாவைச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். சமோசாவைத்தான் சொன்னார். யூஜினியா அதன் பிறகு படத்தைப் பற்றி அவரிடம் எதுவும் பேசவில்லை.

ஊர் பேசியது. ஆனால் தியேட்டரில் வந்த படத்தைப் பேசுகிற மாதிரி ஒரே வாரத்தில் பேசித் தீர்க்கவில்லை. இன்றைக்கு மருந்துக்கடைக்காரர் சொல்வார், பத்து நாள் கழித்துத் தேவகோட்டையிலிருந்து ஒரு சொந்தக்காரர் போன் செய்வார், பிறகு ஒரு மாதம் ஒன்றும் இருக்காது, அப்புறம் மார்க்கெட்டில் யாரோ ஒரு பெண் யூஜினியாவை நிறுத்தி, "நீங்கதானே அது? நேத்துத்தான் பாத்தேன்" என்பார். ஒவ்வொருவரும் தான்தான் முதலில் பார்த்த மாதிரி சொன்னார்கள். சாலமனைப் பார்த்தால், "டீச்சர் பிரமாதம் சார்" என்றார்கள். அவர் "ஆமா ஆமா" என்று நகர்ந்துவிடுவார். தான் இன்னும் பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் இருப்பதும் வெட்கமாகத்தான் இருந்தது.

ஒருநாள் கணக்கு விஷயமாகக் கண்ணம்மை ஆச்சியைப் பார்க்கப் போனார். கணக்கை ஒதுக்கிவிட்டு, ஆச்சி அதைத்தான் முதலில் எடுத்தார்.

"சாலமன், யூஜினியா என்னமா செஞ்சிருக்கா! நான் ரெண்டு தடவை பாத்தேன்."

"ஆச்சி, நீகளும் அதுலயா பாக்குறீக?"

"பின்னே? முழங்காலை வச்சுக்கிட்டு உங்க பால்கனிப் படியை யாரு ஏறுறது? லிஃப்ட் போடுங்கன்னு சொன்னா நீங்களே 'ஆச்சி, செலவு தாங்காது'ம்பீக." ஆச்சி சிரித்தார். "எம்புட்டுப் படம் இருக்கு அதுல. எல்லாத்தையும் உங்களால போட முடியுமா?"

தியேட்டர் சொந்தக்காரரே இப்படிச் சொன்னால் அதற்கு மேல் என்ன பேசுவது? சாலமன் ஒன்றே ஒன்று கேட்டார். அந்தப் படத்தை ஒரு ஷோ, ஒரே ஒரு காலைக் காட்சி, நம் தியேட்டரில் போட வழியுண்டா?

"உரிமை அந்த ஓடிடிக்காரவுக கையில இருக்கு. கேட்டுப் பாருங்க. குடுத்தா போடுங்க, நான் வேண்டாம்னு சொல்லலை."

சாலமன் கேட்டார். டைரக்டர் பெண்ணுக்குப் போன் செய்தார். அந்தப் பெண் பாவம், அவரைவிட வருத்தமாகப் பேசினார். தனக்கும் ஆசைதான், ஆனால் தன் கையில் எதுவும் இல்லை என்றார். பாண்டிமுருகன் மட்டும் ஒரு யோசனை சொன்னான்.

"அண்ணே, இதுக்குப் போயி ஏன் இம்புட்டுக் கஷ்டப்படுறீக? லேப்டாப்பைக் கொண்டாந்து நம்ம புரொஜெக்டர்ல ஒரு வயரைச் சொருகுனா ஓடிட்டுப் போகுது. காலையில யாருக்குத் தெரியப் போகுது?"

சாலமனுக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது உண்மை. ஆனால் இத்தனை வருஷமும் இருட்டில் நடந்து நடந்து, போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறவன் கையைத் தட்டிவிட்டவர் அவர். திருட்டுப் படம் பார்க்கிறவனைச் சோறு போட்டவன் வீட்டில் கன்னம் வைக்கிறவன் என்று திட்டியவர். "அது வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

அப்படியே மழைக்காலம் மறுபடியும் வந்தது. தியேட்டர் லைசென்ஸ் புதுப்பிக்கிற வேலையாக ஒருநாள் காலையில் சிவகங்கைக்குக் கிளம்பினார். கல்லல், காளையார்கோவில் வழியாகப் போகிற பஸ். சாலமனுக்கு இடம் கிடைத்த சீட்டில் ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயசு, கணுக்காலுக்கு மேல் மடித்த பேண்ட், கையில் ஒரு ஃபைல். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, முன்சீட்டின் கம்பியில் போனைச் சாய்த்து வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாலமன் பார்க்கக்கூடாது என்றுதான் பார்வையை மறுபக்கம் வைத்தார். ஆனால் கண்ணின் ஓரத்தில் ஒரு தூண் தெரிந்தது. கோட்டையூர் வீட்டுத் தூண். அந்த வீட்டுக்கு எத்தனையோ விசேஷத்துக்குப் போயிருக்கிறார். திரும்பிப் பார்த்தார். ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் பித்தளை அண்டாவும், அடுப்படியும், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு யூஜினியாவும் இருந்தார்கள்.

சத்தம் கேட்கவில்லை. எதிரே ஒரு நடிகர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். யூஜினியா அண்டாவைத் தூக்கினார். அப்போது அந்த மனிதர் கட்டைவிரலால் இரண்டு தட்டுத் தட்டினார். யூஜினியா காணாமல் போனார். ஒரு கார் கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

"தம்பி" என்றார் சாலமன், தன்னையறியாமல். "அதை ஓட்டாதீக."

அவர் ஒரு காது இயர்போனைக் கழற்றினார். "என்னண்ணே?"

"கொஞ்சம் பின்னாடி போங்க. அந்தம்மா வந்தாகளே, அந்த இடம்."

"அது கொஞ்சம் இழுவையா இருக்குண்ணே."

"அவுக என் வீட்டுக்காரி."

அந்த மனிதர் சாலமனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மடியிலிருந்த மஞ்சப்பையைப் பார்த்தார். "நெசமாவா?" என்றார். பிறகு ஒரு பக்கத்து இயர்போனைச் சட்டையில் நன்றாகத் துடைத்து நீட்டினார். தன் பெயர் இனாமுல் ஹசன் என்றும், சவுதியில் இருப்பதாகவும், லீவில் வந்திருப்பதாகவும் சொல்லிக்கொண்டே பின்னால் தள்ளினார். "அங்கன ரூம்ல எங்களுக்கெல்லாம் இதுதாண்ணே தியேட்டரு. கட்டில்ல படுத்துக்கிட்டு ஆளுக்கு ஒண்ணு பாப்போம்."

படம் பின்னால் போனது. யூஜினியா அண்டாவைத் தூக்கினார், இறக்கி வைத்தார், நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார். அத்தோடு நின்றுவிட்டது. கல்லல் தாண்டியிருந்தது, சிக்னல் இல்லை. யூஜினியாவின் நெற்றியில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றத் தொடங்கியது.

சாலமனுக்குப் படம் நிற்பதென்றால் என்னவென்று தெரியும். தியேட்டரில் நின்றால் அடுத்த நொடி விசில் பறக்கும். நாற்காலியைத் தட்டுவார்கள். "டேய் ஆபரேட்டர்" என்று ஒரு குரல் எழும்பும், நூறு குரல் சேர்ந்துகொள்ளும். அவருடைய கால்கள் தாமாகவே மாடிப்படியில் ஏற ஆரம்பித்திருக்கும். இங்கே யாரும் கத்தவில்லை. இனாமுல் ஹசன் போனை லேசாக உதறிப் பார்த்தார். ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். பஸ் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு.

சாலமன் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதைப் பார்க்க? புருவம் கொஞ்சம் இறங்கி, உதடு பிரியப் போகிற நிலையில் நின்றிருந்தது. எங்கோ பார்த்த முகம் என்று முதலில் தோன்றி, பிறகு அவருக்கே சிரிப்பு வரும்போல் ஆனது. எங்கோ என்ன? வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கிற முகம். ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று அவர் சொல்லும்போது பார்க்கிற முகம். தண்ணீர்க் குழாயை இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் சரிசெய்கிறேன் என்று சொல்லும்போது பார்க்கிற முகம். ஜாஹிதா வீட்டுக்குப் போகும்போது வாசலில் பார்த்ததும் இதேதான்.

காளையார்கோவில் வந்தபோது வட்டம் மறைந்தது.

"நாளைக்குத் தம்பிகிட்ட கண்டிப்பாப் பேசிச் சாவியை வாங்கிர்றேன்" என்று எதிரே இருந்த நடிகர் முடித்தார்.

"சரி" என்றார் யூஜினியா.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. இனாமுல் ஹசனுக்கு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது. சாலமன் படத்தை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்தார். சிரிப்பு எங்கே கிளம்பும் என்று அவருக்குத் தெரியும். உண்ணாமலை தியேட்டரில் என்றால் முதலில் ஒரு விநாடி சத்தமே இருக்காது. பிறகு பால்கனியில் பெண்கள் பக்கம் ஆரம்பிக்கும். புருஷன்மார்கள் தங்களைச் சொல்கிறார்கள் என்று புரிந்து அப்புறம் சேர்ந்துகொள்வார்கள். அது அடங்குவதற்குள் அடுத்த வசனம் கேட்காமலே போகும். அத்தனையும் ஒரு மனிதரின் மூக்கோடு முடிந்துவிட்டது. ஆனால் சிரிப்பு கிளம்பவேண்டிய இடத்தில் சரியாகக் கிளம்பியது.

"வீட்டுலயும் இப்படித்தானாண்ணே?" என்று கேட்டார் இனாமுல் ஹசன்.

"இதைவிட மோசம்" என்றார் சாலமன்.

சிவகங்கையில் இறங்கும்வரை இனாமுல் ஹசன் மீதிப் படத்தைப் பார்க்கவில்லை. தன் மனைவியும் இப்படித்தான், போனில் பேசும்போது "சரி"தான் சொல்வாள், அதற்கு அர்த்தம் பிடிபட ஆறு வருஷமானது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் சாலமன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"யூஜி, படம் பாத்தேன்."

"எந்தப் படம்?"

"உன் படம். அந்த அண்டா இடம்."

யூஜினியா அடுப்பைக் குறைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "எங்கன பாத்தீக?"

"பஸ்ஸுல. பக்கத்துல ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தாரு. போன்ல."

வந்த வெளிச்சம் போய்விட்டது. யூஜினியா கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றார்.

"ஜாஹிதா வீட்டுக்கு வரலை. காஜா மைதீன் அண்ணன் வருந்தி வருந்திக் கூப்பிட்டாரு, வரலை. டீச்சருக எல்லாம் உங்க வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டாக. ஷோ இருக்கு, ஷோ இருக்குன்னு நான் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிட்டிருந்தேன். எம்புட்டு மாசமாச்சு? இந்த வீட்டுல அதைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா? ஊரு பேரு தெரியாத ஒருத்தர் போன்ல, ஓசியில, எட்டிப் பாத்துட்டு வந்து சொல்றீக."

"தியேட்டர்ல பெருசாப் பாக்கணும்னு நெனச்சேன் யூஜி. ஃபிளெக்ஸ் எல்லாம்கூட..."

"நீங்க தியேட்டரைப் பாத்தீக. நான் எங்கன இருந்தேன் அதுல?"

சாலமனுக்கு நியாயம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தது. "தப்புத்தான். நான் வந்திருக்கணும். இனிமே இப்படி நடக்காது" என்றார்.

யூஜினியா புருவத்தை லேசாக இறக்கி அவரைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

சாலமன் சிரிக்கக்கூடாது என்று எவ்வளவோ பாடுபட்டார். முடியவில்லை. யூஜினியாவுக்குக் கோபம் அதிகமாகி, பிறகுதான் காரணம் புரிந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் சோறு போடும்போது குழம்பைக் கோபத்தில் சளக்கென்று ஊற்றவில்லை.

மறுநாள் சாலமன் தியேட்டரிலிருந்து மகனுக்குப் போன் செய்தார். டிவியில் அதை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார்.   "அப்பா, நீங்கதானா பேசுறது?" என்றான். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாலமன் லீவு போட்டார். வெள்ளிக்கிழமையில் அவர் லீவு போட்டதாகப் பாண்டிமுருகனுக்கு ஞாபகமே இல்லை. "உடம்புக்கு என்னண்ணே?" என்று கேட்டான். ஒன்றுமில்லை, வீட்டில் ஒரு படம் பார்க்க வேண்டும் என்று சாலமன் சொன்னார். அவன் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த யூஜினியா, டிவியில் 'வளவு வீட்டுச் சாவி' நின்றுகொண்டிருப்பதையும், அதற்கு எதிரே சாலமன் வேட்டி மாற்றி நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். முகம் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காலைத் தூக்கி முன்னால் இருந்த ஸ்டூலில் போட்டுக்கொண்டார்.

படம் ஆரம்பித்தது. யூஜினியா நடுநடுவே சொல்லிக்கொண்டு வந்தார்: இந்த மழை மழையில்லை, லாரித் தண்ணி, இந்தக் கிழவர் நிஜத்தில் ரொம்ப நல்ல மனுசன், அந்தச் சின்ன மருமகளுக்குத் தமிழே வராது. தியேட்டராக இருந்தால் பேசுகிறவர் முகத்தில் சாலமன் டார்ச் அடித்திருப்பார். இப்போது கேட்டுக்கொண்டிருந்தார். யூஜினியாவின் காட்சி வந்தபோது யூஜினியா பேச்சை நிறுத்திக்கொண்டார். சத்தமாக அந்த "சரி" வந்தது. சாலமன் வாய்விட்டுச் சிரித்தார்.

"பஸ்ஸுலயும் இப்படித்தான் சிரிச்சீகளா?"

"பஸ்ஸுல அந்தாளு சிரிச்சான். நான் அவன் சிரிக்கிறானான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

யூஜினியா அவரைத் திரும்பிப் பார்த்தார்.  கொஞ்ச நேரம் கழித்து, ரிமோட்டை எடுத்துப் பின்னால் தள்ளி, அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டார்.

அதற்குப் பிறகு படம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. சாவி தொலைந்தது, கிடைத்தது, மறுபடியும் தொலைந்தது. அண்ணன் தம்பிகள் மழையில் நின்று அழுதார்கள். யூஜினியா கொட்டாவி விட்டார். சாலமன் மரியாதைக்காகக் கடைசிவரை நிமிர்ந்தே இருந்தார். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் யூஜினியா. "மேனேஜரா சொல்லுங்க."

சாலமன் யோசித்தார். பொய் சொல்ல அது நேரமில்லை என்று தோன்றியது.

"நீ வர்ற இடம் நல்லா இருக்கு. மத்தது... தியேட்டர்ல வந்திருந்தா திங்கக்கிழமை தாண்டாது."

"தூக்கியிருப்பீகளா?"

"தூக்கித்தான் ஆகணும். ஆளு வராது."

"என் படத்தை, நீகளே?"

"நானே."

யூஜினியாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் சின்னதாக ஆரம்பித்து, பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல வேளை" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதுல வந்ததால இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பாக்குறாக."

சாலமன் மறுத்துப் பேசவில்லை. அதில் உண்மை இருந்தது. ஆனால் தியேட்டரில் அந்த மூன்று நாளும் எப்படி இருந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அது யூஜினியாவுக்குத் தெரியாது. விளக்கிச் சொல்லியும் புரியவைக்க முடியாது. அதை அவர் தன்னோடு வைத்துக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. பாண்டிமுருகன்.

"அண்ணே, சாயங்கால ஷோவுக்கு ஒரே ஒரு குடும்பம்தான் வந்திருக்காக. நேரமாயிருச்சு. திருப்பி அனுப்பிரவா?"

"எங்கேருந்து வந்திருக்காக?"

"தேவகோட்டைங்கிறாக. பஸ்ல வந்தாகளாம்."

"அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்தவுகளைத் திருப்பி அனுப்புவியா? ஓட்டு. ஏசியைப் போடு."

போனை வைத்துவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினார். இண்டர்வலுக்குள் போய்விடலாம் என்றார். யூஜினியா அடுப்படிக்குள் போனவர், "சாப்பிட்டுப் போங்க, தோசை ரெண்டு ஊத்துறேன்" என்று குரல் கொடுத்தார். சாலமன் மறுபடியும் உட்கார்ந்தார்.